பல்பு மாற்றியும் பிரேக் லைட் தகராறு: முழு வயரிங்கையும் மாற்றத்தான் வேண்டுமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அரசுப் பள்ளி ஆசிரியை. பதினோரு வருடப் பழைய சின்னக் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டுகிறார். பள்ளிக்குப் போய்வர தினமும் நான்குவழிச் சாலையில் நாற்பது கிலோமீட்டர்.

மூன்று மாதத்துக்கு முன், ஸ்கூட்டரில் பின்னால் வந்த சக ஆசிரியை, "டீச்சர், உங்க லெஃப்ட் சைடு பிரேக் லைட் எரியலையே" என்று சொல்லியிருக்கிறார். மெக்கானிக் பல்பை மாற்றினார். பத்து நாள் எரிந்தது, மறுபடி நின்றது. மறுபடியும் பல்பு மாற்றினார். போன மாதம் இன்னொரு விநோதம்: இரவில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு பிரேக்கை மிதித்தால், இடது பக்க விளக்கு கூடுதலாக எரிவதற்குப் பதில் மங்குகிறது, இடது இண்டிகேட்டரும் லேசாக எரிகிறது. அடுத்த வாரம் விடைத்தாள் கட்டுகளை டிக்கியில் ஏற்றி, அழுத்தி மூடிவிட்டுக் கிளம்பிய அன்று மூன்று பிரேக் லைட்டும் மொத்தமாக நின்றுவிட்டன. ஃபியூஸ் போய்விட்டது என்றார் மெக்கானிக். "பெருசா ஒண்ணு போட்டிருக்கேன், இனிமே போகாது" என்று சொல்லி, நீல நிற ஃபியூஸ் இருந்த இடத்தில் பச்சை நிற ஃபியூஸைச் சொருகியிருக்கிறார்.

போன வாரம் ஒருநாள் காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பால் வாங்கப் போன பக்கத்து வீட்டுக்காரர், "ராத்திரி முழுக்க பின்னாடி சிவப்பு லைட் எரிஞ்சுதே" என்றார். அதிலிருந்து இரவில் பேட்டரி ஒயரைக் கழற்றி வைக்கிறார்கள். அதே நாள் டிரைவர் பக்கத்து மிதியடியில் பிளாஸ்டிக் பொடிப்பொடியாகக் கிடந்ததாம், கூட்டிப் போட்டுவிட்டாராம்.

இப்போது மெக்கானிக், வயரிங் முழுவதும் போய்விட்டது, மாற்ற 28,000 ரூபாய் ஆகும் என்கிறார். இன்னொரு கடைக்காரர், எல்இடி போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார். கணவரோ, "பிரேக் நல்லாத்தானே பிடிக்குது, லைட்டுக்குப் போய் இவ்வளவு செலவா? பின்னாடி வர்றவன் தள்ளி வரணும்" என்கிறார். "டேஷ்போர்டில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. பின்கண்ணாடியில் இருக்கும் மூன்றாவது விளக்கு எரிகிறது. யாராவது பின்னால் வந்து மோதினால் தப்பு அவர்கள் மேல்தானே? தேர்வு முடியும் வரை ஹசார்ட் லைட்டைப் போட்டுக்கொண்டு சமாளிக்கலாமா?" இதுதான் அவர் கேள்வி.

பதில்

அன்புச் சகோதரிக்கு,

இன்றைக்கே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். அந்தப் பச்சை ஃபியூஸைக் கழற்றுங்கள்.

கார்களில் இப்போது வரும் தட்டை ஃபியூஸ்களுக்கு நிறத்தில்தான் அடையாளம். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. உங்கள் காரில் இருந்தது 15. இப்போது இருப்பது 30. ஃபியூஸ் பல்பைக் காப்பாற்ற இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது வயரை. வயர் தாங்கக்கூடிய மின்சாரத்தைவிட அதிகம் பாய்ந்தால், வயர் சூடாவதற்கு முன் ஃபியூஸ் தன்னை அறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்க பிரேக் பல்புகளும் தலைக்கு 21 வாட். மூன்றாவது விளக்கையும் சேர்த்தால், 12 வோல்ட்டில் மொத்தம் நான்கைந்து ஆம்பியருக்கு மேல் இழுக்காது. அப்படிப்பட்ட இடத்தில் 15 ஆம்பியர் ஃபியூஸ் போகிறது என்றால், எங்கோ ஒரு வயர் தோல் உரிந்து பாடியைத் தொடுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேடாமல் 30 போட்டால், அடுத்த முறை அறுவது ஃபியூஸாக இருக்காது. வயரின் உறை உருகும். அந்த வயர்கள் போவது தரைவிரிப்புக்கு அடியிலும் சீட் ஓரத்திலும். தீப்பிடிக்கும் அபாயம் உண்மையிலேயே இருக்கிறது, மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

ஃபியூஸ் பெட்டியின் மூடியிலோ காரோடு வந்த கையேட்டிலோ ‘ஸ்டாப்’ என்று குறித்த இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதே அளவைப் போடுங்கள். போட்டதும் அறுந்தால் இன்னொன்று போட்டுப் பார்க்காதீர்கள். அந்த நிமிடமே பழுது இருக்கிறது என்று வண்டி சொல்லிவிட்டது. பழுதைப் பார்க்கும் வரை கார் வீட்டிலேயே நிற்கட்டும்.

ஒரு பெரிய பழுதில்லை, மூன்று சின்னப் பழுதுகள்

உங்கள் மெக்கானிக் குழம்பிப் போனதில் ஆச்சரியமில்லை. மங்குகிறது, ஃபியூஸ் போகிறது, அணையாமல் எரிகிறது என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று தொல்லைகள் மூன்று மாதத்துக்குள் வந்தால், வயரிங் மொத்தமும் போய்விட்டது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் தெரிகிறது. பத்துப் பதினோரு வருடம் வெயிலில் நின்ற காரில் பிளாஸ்டிக்கும் ரப்பரும் ஒரே காலகட்டத்தில் தேய்ந்து போவது சகஜம்.

பிரேக் லைட்டின் பாதை மிக எளிது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன சுவிட்ச், அங்கிருந்து பின்னால் இடது, வலது, நடு விளக்கு, விளக்கிலிருந்து எர்த் வயர் வழியாகக் காரின் பாடிக்கு. மூன்று விளக்கும் சேர்ந்து போனால் பழுது மூன்றுக்கும் பொதுவான இடத்தில் இருக்கும், அதாவது ஃபியூஸ், சுவிட்ச், அல்லது இடைப்பட்ட வயர். ஒரு பக்கம் மட்டும் போனால் அந்தப் பக்கத்து பல்பு, ஹோல்டர், எர்த். இந்த ஒரு கணக்கு தெரிந்தாலே பாதித் தேடல் குறைந்துவிடும்.

இப்போது உங்கள் இடது விளக்குக்கு வருவோம். பிரேக்கை மிதிக்கும்போது மங்குவதும் இண்டிகேட்டர் லேசாக எரிவதும் எர்த் பழுதின் அச்சு அசலான அடையாளம். பல கார்களில் டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே பல்புக்குள் இருக்கும் இரண்டு இழைகள்: 5 வாட் இழை இரவில் எரிவது, 21 வாட் இழை பிரேக்குக்கு. இரண்டுக்கும், பக்கத்திலிருக்கும் இண்டிகேட்டருக்கும், பாடிக்குத் திரும்பும் வழி பெரும்பாலும் ஒரே எர்த் வயர்தான். அந்த எர்த் துருப்பிடித்திருந்தால், 5 வாட்டுக்கு வேண்டிய கொஞ்சம் மின்சாரம் எப்படியோ போய்விடும். விளக்கு நன்றாக எரிவது போலத் தெரியும். பிரேக்கை மிதித்து 21 வாட் இழையும் சேரும்போது வழி போதாது. அடைபட்ட வாய்க்கால் தண்ணீர் பக்கத்து வயலுக்குள் புகுவது போல, மின்சாரம் இண்டிகேட்டர் இழை வழியாகப் பின்னோக்கிப் போய், முன்பக்க இண்டிகேட்டரின் எர்த்தில் இறங்கப் பார்க்கும். அதனால்தான் சம்பந்தமே இல்லாமல் அது லேசாக எரிகிறது.

அப்படியானால் பல்பு மாற்றியதும் பத்து நாள் எரிந்தது எப்படி? பழைய பல்பை முறுக்கிக் கழற்றி, புதியதை அழுத்தி மாட்டும்போது ஹோல்டருக்குள் இருந்த துரு கொஞ்சம் உரசிப் போயிருக்கும். தொடுப்பு கிடைத்தது, எரிந்தது. ஈரமும் அதிர்வும் சேர்ந்து மறுபடி துரு மூடியதும் நின்றது. கழற்றிய பல்பின் இழை அறுந்திருந்ததா என்று அவர் உங்களிடம் காட்டினாரா? காட்டியிருந்தால் அன்றைக்கே உண்மை தெரிந்திருக்கும். உங்கள் பழைய பல்புகள் இரண்டும் நல்ல பல்புகளாகவே இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இரண்டாவது, ஃபியூஸ். கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி எனக்கு மிக முக்கியமாகப் பட்டது: விடைத்தாள் கட்டுகளை ஏற்றி டிக்கியை அழுத்தி மூடிய நாள். உங்கள் மாதிரிக் கார்களில் டிக்கி என்பது மேலே தூக்கும் பெரிய கதவு. மூன்றாவது பிரேக் லைட், நம்பர் பிளேட் விளக்கு, வைப்பர் எல்லாவற்றுக்கும் வயர்கள் கூரை ஓரத்திலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் குழாய் வழியாக அந்தக் கதவுக்குள் போகும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அந்த வயர்கள் ஒரே இடத்தில் மடிந்து நிமிரும். பல வருடம் இப்படி மடிந்தால் உறை விரிசல் விட்டு உள்ளிருக்கும் செம்பு வெளியே தெரியும். அது கீலின் ஓரத்தில் பாடியைத் தொட்ட கணத்தில் ஃபியூஸ் போகும். கதவு வேறு கோணத்தில் இருக்கும்போது ஒன்றுமே தெரியாது. மெக்கானிக் கண்ணில் படாமல் தப்பும் பழுது இது. மழை நாளில் வந்து வெயில் நாளில் மறையும். கடைக்குக் கொண்டுபோனால் நன்றாக எரியும்.

மூன்றாவது, இரவெல்லாம் எரிந்த விளக்கு. நீங்கள் கூட்டிப் போட்ட அந்தப் பிளாஸ்டிக் பொடிதான் காரணம். பிரேக் பெடலின் தண்டில், சுவிட்சின் முளை வந்து அழுத்தும் இடத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் அல்லது ரப்பர் ஸ்டாப்பர் இருக்கும். பெடலிலிருந்து காலை எடுத்ததும் அந்த ஸ்டாப்பர் முளையை உள்ளே தள்ளும்; விளக்கு அணையும். வயதாகி அது நொறுங்கிக் கொட்டிவிட்டால் அங்கே ஓட்டை மட்டும் மிஞ்சும். முளை அந்த ஓட்டைக்குள் புகுந்துகொள்ளும். பெடல் மேலே வந்தாலும், கால் இன்னும் பெடல் மேல்தான் இருக்கிறது என்று சுவிட்ச் நினைத்துக்கொள்ளும். நான்கு ஆம்பியர் வீதம் ஒன்பது மணி நேரம் எரிந்தால் 36 ஆம்பியர்-மணி; சின்னக் காரின் பேட்டரியில் மொத்தக் கொள்ளளவே ஏறக்குறைய அவ்வளவுதான்.

இதில் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இரவில் பேட்டரியைக் கழற்றுவதால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகிறது, சரி. ஆனால் பகலில் ஓட்டும்போது பிரேக் லைட் விடாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. ‘மூன்றாவது விளக்கு எரிகிறது’ என்று நீங்கள் ஆறுதல் பட்டது அந்த விளக்கைப் பார்த்துத்தான். எப்போதும் எரிகிற பிரேக் லைட்டும் எப்போதும் எரியாத பிரேக் லைட்டும் பின்னால் வருபவருக்கு ஒன்றுதான். நீங்கள் நிஜமாகவே நிறுத்தும் நேரத்தில் அங்கே எந்த மாற்றமும் தெரியாது.

வீட்டிலேயே உறுதி செய்துகொள்ள

ஒரு மாலை நேரம், இருட்டத் தொடங்கும்போது, நீங்களும் உங்கள் கணவருமாக இதைச் செய்யலாம். கார் சமதளத்தில் நிற்கட்டும், ஹேண்ட்பிரேக் போட்டிருங்கள், இன்ஜின் வேண்டாம். முதலில் ஒரு டார்ச் எடுத்து, டிரைவர் சீட்டுக்குக் கீழே குனிந்து பெடலின் மேல்பகுதியைப் பாருங்கள். சுவிட்சின் முளை எதைத் தொடுகிறது? வட்டமான ஸ்டாப்பரையா, வெறும் ஓட்டையையா? பெடலைக் கையால் மேலே இழுத்துப் பிடித்து, முளையை விரலால் உள்ளே அழுத்துங்கள். விளக்கு அணைந்தால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது. ஸ்டாப்பர் மட்டும்தான் போயிருக்கிறது. மிகச் சொற்ப விலையில் தீர்ந்துவிடும்.

அடுத்தது, ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். "எரியுதா?" என்று கேட்காதீர்கள், "எது எது எரியுது?" என்று கேளுங்கள். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒரு தடவை, பார்க்கிங் லைட் போட்டு ஒரு தடவை, இடது இண்டிகேட்டரையும் போட்டு ஒரு தடவை. மூன்று தடவையும் இடது, வலது, நடு என்று காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் எலக்ட்ரீஷியனுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி. தனியாக இருந்தால், பின்பக்கத்தைச் சுவருக்கு நெருக்கமாக நிறுத்தி, கண்ணாடியில் தெரியும் பிரதிபலிப்பைப் பார்க்கலாம். அல்லது போனை வீடியோ போட்டுப் பின்னால் வைத்துவிட்டு மிதிக்கலாம்.

இடது விளக்கின் கூடு பெரும்பாலும் இரண்டு திருகில் கழன்றுவிடும். ஹோல்டரை முறுக்கி எடுத்துப் பாருங்கள். பித்தளை நாக்குகளில் பச்சையாகப் பூத்திருக்கிறதா, பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கிறதா, கூட்டுக்குள் தண்ணீர்க் கறை இருக்கிறதா? பல்பின் அடியில் இரண்டு ஈயப் புள்ளிகள் இருக்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்கக் கூடாது. தலைகீழாக மாட்டிவிடாமல் இருக்கத்தான் அந்த உயர வித்தியாசம். ஒற்றை இழை பல்பை யாராவது அங்கே திணித்திருந்தால், அதுவே தனியாக விநோத வேலையெல்லாம் காட்டும்.

எர்த் சோதனைக்கு ஒரு முழம் வயர் போதும். எது எர்த் வயர் என்று தெரியாவிட்டால் இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். தவறான முனையைப் பாடியில் தொட்டால் ஃபியூஸ் போய்விடும். ஒரு முனையை ஹோல்டரின் எர்த்திலும் மறுமுனையைப் பெயிண்ட் இல்லாத பாடி இரும்பிலும் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மங்கிய விளக்கு பளிச்சென்று எரிந்தால் விவாதமே வேண்டாம், எர்த்தான் பழுது. மல்டிமீட்டர் வைத்திருப்பவர், விளக்கு எரியும் நிலையில், எர்த்துக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இடையே அளக்கலாம். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ துரு இருக்கிறது.

டிக்கிக் கதவின் ரப்பர் குழாயை மெதுவாகப் பிடுங்கி, இழுத்துப் பாருங்கள். உறை வெடித்த வயரைப் பார்த்ததும் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டு விட்டுவிடக் கூடாது. நம் வெயிலில் அந்தப் பசை சில மாதத்தில் உருகி வழிந்துவிடும். விரிசல் விட்ட துண்டை வெட்டி எடுத்து, வளையக்கூடிய புது வயர் சேர்த்து, சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட வேண்டும். இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாக, மடிகிற பகுதிக்கு வெளியே வர வேண்டும். கை சுத்தமான எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.

எல்இடி போட்டால் சரியாகுமா?

ஆகாது. உங்கள் மூன்று பழுதில் ஒன்றைக்கூட எல்இடி தொடாது. எர்த் மோசமாக இருந்தால் எல்இடியும் மினுக்கும். ஸ்டாப்பர் இல்லாவிட்டால் எல்இடியும் இரவெல்லாம் எரியும், கொஞ்சம் குறைந்த செலவில். எல்இடிக்கு ஒரு நல்ல குணம் உண்டு: சாதாரண பல்பின் இழை சூடாகி முழு வெளிச்சம் வர ஏறக்குறைய கால் நொடி ஆகும், எல்இடி உடனே எரியும். ஆனால் அது எல்இடிக்கென்றே வடிவமைத்த விளக்குக் கூட்டில்தான் முழுப் பலன் தரும். பழைய கூட்டில் மலிவான எல்இடி பல்பைச் செருகினால், டெயில் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் வெளிச்ச வித்தியாசம் போதுமான அளவு தெரியாமல் போவதுண்டு. பின்னால் வருபவருக்கு முக்கியமே அந்த வித்தியாசம்தான். எனவே கம்பெனி கொடுத்த அதே வாட், அதே வகை பல்பு. அதைவிட நல்லது உங்களுக்கு இப்போது வேறில்லை.

டேஷ்போர்டும் மூன்றாவது விளக்கும்

டேஷ்போர்டில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறியோடு சிவப்பாக எரியும் விளக்கு, ஹேண்ட்பிரேக் போட்டிருப்பதையும் பிரேக் ஆயில் குறைந்திருப்பதையும் சொல்வது. பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்பது அதற்குத் தெரியாது. பல்பு போனால் எச்சரிக்கும் வசதி சில கார்களில் உண்டு. உங்கள் வயதுக் கார்களில், அதுவும் சின்னக் கார்களில், அதை எதிர்பார்க்க முடியாது. அதேபோல உங்கள் கணவர் சொல்வதிலும் பாதி சரி: பிரேக் பிடிப்பது ஆயில் அழுத்தத்தில், விளக்கு எரிவது மின்சாரத்தில்; ஒன்று போனால் மற்றது போகாது. அதனால் விளக்கு கெட்டதைப் பார்த்து பிரேக்கே போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். ஆனால் பிரேக் உங்களை நிறுத்தும். பின்னால் வருபவரை நிறுத்துவது அந்த விளக்கு. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது வண்டி. நீங்கள் வேகம் குறைப்பதை விளக்கு சொல்லாமல், கண்ணால் அளந்து புரிந்துகொள்ள அவருக்கு இன்னும் ஒரு நொடி ஆனாலே, ஒரு பெரிய பேருந்தின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தொலைந்துவிடும். உங்கள் பின்னால் தினமும் வருவது ஸ்கூட்டரில் வரும் அந்த சக ஆசிரியை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது விளக்கு மற்ற இரண்டுக்கும் மாற்றாக வந்ததில்லை, கூடுதலாக வந்தது. 1974-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியல் அறிஞர் டாக்சிகளில் நடுவில் ஒரு விளக்கைப் பொருத்தி, பின்னால் மோதும் விபத்துகள் குறைவதைக் காட்டினார். அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்து அது கட்டாயமானது. இரண்டு பக்க விளக்கும் ஒழுங்காக இருக்கும்போது அது தரும் பலன் அது. பின்சீட்டில் மூட்டை ஏற்றினாலோ, கண்ணாடி அழுக்காக இருந்தாலோ, அந்த ஒற்றை விளக்கு மறைந்தும் போகும்.

பின்னால் மோதுபவர் மேல்தான் தப்பா?

பொதுவாக அப்படித்தான் பார்க்கப்படும். முன்னால் போகும் வண்டிக்குப் போதிய இடைவெளி விட்டு வர வேண்டியது பின்னால் வருபவரின் கடமை. ஆனால் கதை அதோடு முடிவதில்லை. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 102, வண்டி நிற்கப்போவதைப் பின்னால் சிவப்பு விளக்கு காட்ட வேண்டும் என்று சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு இன்னும் கறாரானது. ஆபத்து விளைவிக்கக்கூடிய பழுது இருப்பது தெரிந்தோ, சாதாரணக் கவனம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையிலோ வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பின் 1,500 ரூபாய் வரை அபராதம். அந்தப் பழுதால் விபத்து நடந்து யாருக்காவது காயமோ பொருள் சேதமோ ஏற்பட்டால், மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘தெரிந்தோ’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். உங்களுக்கு மூன்று மாதமாகத் தெரியும். சொன்னவர் இருக்கிறார், பல்பு மாற்றிய மெக்கானிக் இருக்கிறார்.

இழப்பீட்டு வழக்கு வந்தால், விபத்துக்கு இரு தரப்பும் எவ்வளவு காரணம் என்று தீர்ப்பாயம் பிரித்துப் பார்க்கும். பிரேக் லைட் எரியவில்லை என்று நிரூபணமானால் உங்கள் பக்கத்திலும் ஒரு பங்கு விழலாம். காயம்பட்டவருக்குத் தர வேண்டியதை உங்கள் மூன்றாம் நபர் காப்பீடு பார்த்துக்கொள்ளும். உங்கள் காரின் சேதத்துக்குக் கேட்கும்போதுதான் சிக்கல்: வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று. நிறுவனம் அதைக் காட்டிக் கேள்வி கேட்க இடம் இருக்கிறது.

ஹசார்ட் லைட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டும் யோசனையைக் கைவிடுங்கள். நான்கும் ஒன்றாக மினுக்கும்போது உங்கள் இண்டிகேட்டர் வேலை செய்யாது. திரும்புவதைக் காட்ட வழியில்லை. நிற்கிற வண்டியா ஓடுகிற வண்டியா என்ற குழப்பமும் வரும். வலது கையை வெளியே நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க மேலும் கீழும் அசைக்கும் கை சைகை இன்னும் செல்லுபடியாகும். ஆனால் அது பட்டப்பகலில், பக்கத்து மெக்கானிக் கடை வரை போவதற்கு. நான்குவழிச் சாலையில் நாற்பது கிலோமீட்டருக்கு இல்லை. பழுது சரியாகும் வரை, அதாவது இரண்டு மூன்று நாள், பேருந்திலோ அந்த சக ஆசிரியையோடோ போய்வாருங்கள். தேர்வு முடியும் வரை தள்ளிப்போட வேண்டாம்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

கார் மெக்கானிக்கைவிட, வயரிங் வேலை மட்டும் பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்குப் போவது நல்லது. போனதும் "லைட் எரியலை, பாருங்க" என்று சொல்லாமல், மூன்று வேலையையும் தனித்தனியாகக் கேளுங்கள்: பெடல் ஸ்டாப்பர் மாற்ற வேண்டும், இடது விளக்கின் எர்த்தும் ஹோல்டரும் பார்க்க வேண்டும், டிக்கி ரப்பர் குழாய்க்குள் வயர்களைப் பார்க்க வேண்டும். கூடவே இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். பதினான்கை ஒட்டி இருந்தால் சரி. பதினைந்தைத் தொட்டால் எந்தப் பல்பும் நிலைக்காது. மாற்றிய பழைய பொருட்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், பில்லும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் உங்கள் உரிமை.

28,000 ரூபாய்க்கு முழு வயரிங் என்று சொன்னவரிடம் சண்டை வேண்டாம். "எந்த வயர் எந்த இடத்தில் போயிருக்கு, காட்டுங்க" என்று மட்டும் கேளுங்கள். காட்ட முடிந்தால், அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியும். காட்ட முடியாவிட்டால் மாற்றுவதற்குக் காரணமே இல்லை. முழு வயரிங்கைப் பிரித்து மாட்டுவதில் இன்னொரு சங்கடம், டேஷ்போர்டு வரை கழற்ற வேண்டியிருக்கும். இதுவரை நன்றாக இருந்த இணைப்புகளும் கை பட்டுத் தளர்ந்து போகும். எலி கடித்த வண்டி, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி, தீப்பிடித்த வண்டி, இவற்றுக்குத்தான் அந்த வைத்தியம். 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டது தவறு என்று அவருக்கும் பொறுமையாகச் சொல்லுங்கள். இன்னொரு வண்டியில் போடாமல் இருப்பார்.

ஸ்டாப்பர் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. சில கார்களில் சுவிட்சைத் திருகி முன்னும் பின்னும் நகர்த்தலாம். விளக்கு அணைந்தால் போதும் என்று அதைப் பெடலோடு இறுக்கி வைத்துவிட்டால், பெடல் முழுசாக மேலே வராது. பிரேக் லேசாகப் பிடித்தபடியே ஓடி, சக்கரம் சூடாகும். பெடலை விரலால் ஒரு சின்ன அழுத்து அழுத்தியதும், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே, விளக்கு எரிய வேண்டும். விட்டதும் அணைய வேண்டும். பெடல் தடையில்லாமல் மேலே வந்து நிற்க வேண்டும்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது கடை வாசலிலேயே அந்த மூன்று தடவைச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பிரேக்கை ஒருவர் மிதித்துப் பிடித்திருக்க, டிக்கியைப் பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடுங்கள். இடது விளக்குக் கூட்டைக் கையால் தட்டிப் பாருங்கள். மினுக்கல் இல்லை, ஃபியூஸ் பெட்டியில் நீலம்தான் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். முதல் நல்ல மழைக்குப் பிறகு இன்னொரு தடவை பாருங்கள். கூட்டுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் ரப்பர் வளையத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.